அஞ்சறைப் பெட்டியில் இருந்த மாத்திரைகள்: ஒரு தினசரித் தலைவலியின் நிகழ்வு ஆய்வு

திருப்பூரை ஒட்டிய ஓர் ஊரில் சின்ன கிளினிக் வைத்துப் பொது மருத்துவம் பார்க்கிறேன். தலைவலி என்று ஒருவராவது வராத நாள் எனக்கு நினைவில்லை. அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன். தலைவலிக்கு வீட்டில் என்ன செய்யலாம், எதை நிறுத்த வேண்டும் என்பதை எனக்கே தெளிவாக்கியது அவருடைய வீட்டுச் சமையலறைதான். ஆள் யாரென்று தெரிந்துவிடாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு 34 வயது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கணவரும் கம்பெனி வேலைதான். இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். ஒரு பிப்ரவரி மாலை வேலை விட்டதும் மாமியாரோடு நேராக வந்திருந்தார். உள்ளே வந்தவர் நாற்காலியைத் திருப்பி, ட்யூப்லைட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெளிச்சம் பொறுக்கவில்லை. நெற்றியில் பொட்டுக்குச் சற்று மேலே இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் கறுத்து, சொரசொரவென்று இருந்தது. சுக்கை உரசி, சூடாக்கி, பத்துப் போட்டுப் போட்டு வந்த கறுப்பு. அதன் மேலேயே தைலம் வேறு.

“தலையில நீர் கோத்துக்கிச்சுங்க மேடம். சைனஸ்னு சொன்னாங்க. ஒரு வருசமா தினமும் இருக்குதுங்க” என்றார்.

ஏற்கெனவே இரண்டு மூன்று இடங்களில் காட்டியிருந்தார். முகத்துக்கு எக்ஸ்ரே, தலைக்கு சி.டி. ஸ்கேன், கண்ணாடிப் பரிசோதனை எல்லாம் முடிந்திருந்தது. ஸ்கேன் சரியாகவே இருந்தது. தினமும் இரவு நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பார். அப்படிப் பிடிக்கும்போது ஒருமுறை பாத்திரம் சரிந்து வலது தொடையில் வெந்நீர் கொட்டிய தழும்பும் இருந்தது. அன்றைக்குக் குழந்தை பக்கத்தில் இல்லாமல் போனது நல்லது என்று அவரே சொன்னார்.

மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டேன். “எப்பவாச்சும் போடுவேங்க” என்றார்.

மாமியார் விடவில்லை. “எப்பவாச்சுமா அம்மணி? அஞ்சறைப் பெட்டியத் தொறந்தா கிராம்பு வைக்கிற கிண்ணத்துல மாத்திரதானே கெடக்குது.”

அடுத்த நாள் அந்தக் கிண்ணத்தை அப்படியே கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். கத்தரிக்கோலால் இரண்டு இரண்டாக நறுக்கிய அட்டைத் துண்டுகள், ஓரங்களில் மஞ்சள்தூள் ஒட்டிக்கொண்டு. மேசையில் கொட்டிப் பிரித்தோம். மூன்று வகை இருந்தது. ஒன்று வெறும் பாரசிட்டமால். இன்னொன்று பாரசிட்டமாலோடு காஃபினும் வேறொரு வலி நிவாரணியும் கலந்தது. மூன்றாவது டைக்ளோஃபெனாக் கலந்தது. அட்டையே இல்லாமல் நான்கு வெள்ளை மாத்திரைகளும் இருந்தன. வேலை நேரத்தில் வலிக்கிறது என்றால் கேட்டவுடன் கிடைப்பவை, பெயர் தெரியாது. இது அவர் ஒருவருக்கு மட்டும் நடப்பதில்லை. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகள் தரப்படுவதாக, ஏறக்குறைய நூறு பெண்களிடம் பேசி 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை செய்தி வெளியிட்டது. பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுத்தால் அன்றைய கூலி குறையும். மாத்திரை கைக்கு வருவதற்கு அதுதான் காரணம். அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முந்தைய மாதத்தை நாள் நாளாக நினைவுபடுத்திக் கணக்குப் போட்டோம். தலைவலி இருந்த நாள் 23. ஏதாவது ஒரு மாத்திரை போட்ட நாள் 20. கம்பெனியிலும் வீட்டிலுமாக ஒரு நாளைக்கு டீ ஆறு டம்ளர்.

இது என்ன தலைவலி

பதினாறு வயதில் தொடங்கியது என்றார். மாதத்துக்கு இரண்டு மூன்று முறை, பெரும்பாலும் மாதவிடாய்க்கு முன்பு. ஒரு பக்கம் விண் விண் என்று தெறிக்கும். மாடிப்படி ஏறினால் கூடும். குமட்டும், சில சமயம் வாந்தி வரும், வாந்தி வந்தால் கொஞ்சம் அடங்கும். இருட்டறையில் படுத்துத் தூங்கி எழுந்தால் மறுநாள் சரியாகிவிடும். அவருடைய அம்மாவுக்கும் இதேதான். தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூலையில் படுத்திருப்பாராம்.

இது மைக்ரேன், நம் ஊரில் ஒற்றைத் தலைவலி என்பது. பன்னாட்டுத் தலைவலிக் கழகத்தின் வரையறைப்படி இத்தகைய வலி குறைந்தது ஐந்து முறையாவது வந்திருக்க வேண்டும்; மருந்தில்லாமல் விட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். ஒரு பக்கமாக வருவது, துடிப்பது, மிதமாகவோ கடுமையாகவோ இருப்பது, நடமாடினால் கூடுவது ஆகிய நான்கில் இரண்டும், கூடவே குமட்டலோ வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து பொறுக்காததோ இருந்தால் போதும். இவரிடம் எல்லாமே இருந்தன.

அப்படியானால் சைனஸ்? மைக்ரேன் வரும்போது மூக்கடைப்பதும், கண்ணில் நீர் வடிவதும், கன்னமும் புருவமும் பாரமாக இருப்பதும் சகஜம். முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் அதே நரம்புதான் இந்த வலியிலும் கிளர்ந்துகொள்கிறது. 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சைனஸ் தலைவலி என்று தாங்களாகவோ மருத்துவர் சொல்லியோ நம்பியிருந்த 2,991 பேரை விசாரித்தார்கள். அவர்களில் 88 சதவீதம் பேரின் வலி மைக்ரேன் வகையைச் சேர்ந்ததாக இருந்தது. ‘நீர் கோத்துக்கிச்சு’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் அனுபவமும். நிஜமான சைனஸ் அழற்சியில் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வரும், வாசனை குறையும், காய்ச்சலும் சேரலாம். இவருக்கு எதுவுமில்லை.

சரி, மாதம் மூன்று முறை வந்தது ஏன் 23 நாளானது? மாத்திரையால்தான். வலியைக் குறைக்கும் மாத்திரையே அளவுக்கு மீறிய நாள்களில் போகும்போது, தலைவலியைத் தினசரியாக்கிவிடும். பாரசிட்டமால் போன்ற தனி மருந்தென்றால் மாதத்தில் 15 நாள், கலவை மாத்திரை என்றால் 10 நாள், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் அந்த நிலை வரலாம். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதுதான் இங்கே கணக்கு. இதைச் சொன்னபோது இருவரும் நம்பவில்லை. வலிக்குப் போடுகிற மாத்திரையால் வலி வருமா என்று மாமியார் இரண்டு முறை கேட்டார். காலையில் எழும்போதே லேசாக வலிக்கிறதா, மாத்திரை போட்டதும் விட்டு, நான்கைந்து மணி நேரத்தில் திரும்ப வருகிறதா என்று கேட்டேன். மருமகள் தலையை ஆட்டினார்.

இரத்த அழுத்தம் 118/76. கண்ணின் உட்புறத்தைக் கருவி வைத்துப் பார்த்தேன், நரம்பில் வீக்கமில்லை. கழுத்து விறைப்பில்லை, கைகால் பலம் சரி. ஹீமோகுளோபின் மட்டும் 9.6. அதற்கு இரும்புச்சத்து தொடங்கினேன். இத்தனை நாள் வலி நிவாரணி எடுத்தவர் என்பதால் சிறுநீரகத்துக்கும் இரத்தப் பரிசோதனை செய்தோம். நல்லவேளை, சரியாக இருந்தது.

நிறுத்திய பத்து நாள்

கலவை மாத்திரைகளை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னேன். இரவு எட்டு மணிக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதினேன், மைக்ரேன் வராமல் தடுப்பதற்காகத் தினமும் எடுக்கும் மருந்து இது, வலி வந்தபின் போடுவதற்கல்ல. டீயை ஒரு வாரத்தில் ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்க வேண்டும், அந்த இரண்டும் தினமும் ஒரே நேரத்தில். காஃபின் பழகிய உடம்பில் அது திடீரென நின்றாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கிவிடும்.

மாத்திரையை விட்டதும் வலி முதலில் கூடும், வழக்கமாக 2 முதல் 10 நாள் வரை இருக்கும் என்று முன்கூட்டியே இருவரிடமும் சொல்லியிருந்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் நான்காம் நாளே கிண்ணம் நிரம்பியிருக்கும். அன்று இரவு கணவர் போன் செய்தார். வாந்தி நிற்கவில்லை என்றார். வாந்திக்கு மட்டும் மருந்து சொன்னேன். மறுநாள் காலை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன்.

அந்த நாள்களில் அவரைத் தாங்கியது வீடுதான். ஒரு வாரம் கம்பெனிக்கு லீவு. சமையலை மாமியாரும் கணவரும் பார்த்துக்கொண்டார்கள். தாளிக்கிற வாசம் ஆகாது என்பதால் ரசமும் இட்லியும் மட்டும். ஜன்னலுக்குக் கறுப்புச் சேலையைக் கட்டினார்கள். நனைத்துப் பிழிந்த துண்டை ஃப்ரிட்ஜில் வைத்து, குளிர்ந்ததும் பின்கழுத்தைச் சுற்றிப் போட்டார்கள். 15 நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, வேண்டுமானால் மறுபடியும். குமட்டும்போது ஒரே மூச்சில் தண்ணீர் குடிக்காமல் உப்புப் போட்ட நீர்மோரையும் அரிசிக் கஞ்சியையும் கொஞ்சம் கொஞ்சமாக. எட்டாம் நாள் காலை, எழும்போது வலி இல்லை. ஒரு வருடத்தில் அப்படி எழுந்தது அதுதான் முதல் தடவை என்றார்.

காலண்டர் சொன்னது

சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கியது. பால் வாங்காத நாளுக்குப் பெருக்கல் குறி, கேஸ் வந்த தேதி, மகளிர் குழுவுக்குக் கட்ட வேண்டிய நாள், எல்லாம் அதில்தான். தலைவலி வந்த நாளில் ஒரு ‘த’ போடுங்கள், வலிக்கு மாத்திரை போட்டால் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள் என்றேன். வேறெந்த நோட்டும் வேண்டாம் என்றேன்.

இரண்டாம் மாதக் கடைசியில் அந்தத் தாளைக் கிழித்து எடுத்துவந்தார். ‘த’ 14 இடத்தில் இருந்தது. தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தபோது இரண்டு நெட்டு வரிசை தெரிந்தது. செவ்வாய், வெள்ளி.

“செவ்வா வெள்ளி என்ன செய்வீங்க?”

“தலைக்கு ஊத்துவேங்க.”

விடியற்காலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தைத் துண்டால் முடிந்துகொண்டு, அப்படியே சமையல். பிறகு ஈரக்கூந்தலைக் கொண்டையாகப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வரும்வரை பச்சைத்தண்ணீர் கிடையாது. பத்து மணி டீயோடு ஒரு பன், அதுதான் முதல் உணவு. மதியத்துக்குள் வலி வந்துவிடும்.

தலைக்குக் குளித்தால் மைக்ரேன் கிளம்புவது நம் பெண்களின் கற்பனை அல்ல. மும்பையைச் சேர்ந்த தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர் இப்படிப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். நீளமான, அடர்த்தியான கூந்தல் நெடுநேரம் ஈரமாக இருப்பது நம்மூர்ப் பெண்களுக்கே உரிய சங்கதி. மேல்நாட்டுப் புத்தகங்களில் மட்டும் தேடியிருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது.

ஆனால் ஈரம் காரணமா, பட்டினி காரணமா? ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்றேன். முதல் நான்கு வாரம் குளிப்பது வழக்கம்போல, ஆனால் ஆறு மணிக்கே இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் கம்மங்கூழோ சாப்பிட வேண்டும். கோயிலுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போவதா என்று அவருக்குத் தயக்கம். மாமியார்தான், “உடம்புக்கு முடியாதவங்களுக்கு அதெல்லாம் குத்தமில்ல அம்மணி” என்று முடித்துவைத்தார். வெள்ளிக்கிழமை வலி நான்கில் இரண்டாகக் குறைந்தது, செவ்வாய் அப்படியே இருந்தது. அடுத்த நான்கு வாரம் தலைக்குக் குளிப்பதை ஞாயிறு பகலுக்கு மாற்றினார். வெதுவெதுப்பான தண்ணீர், உடனே துவட்டி, அவிழ்த்துவிட்டு வெயிலில் உலர்த்துவது. செவ்வாய்க் குறிகள் காணாமல் போயின. ஒருவரிடம் எட்டு வாரம் பார்த்ததை வைத்து எல்லாருக்கும் சொல்ல முடியாது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

எந்தக் கைமருந்து, எவ்வளவு

அந்த வீட்டில் செய்துகொண்டிருந்த எதையும் நான் முழுதாகத் தடுக்கவில்லை, ஆவி பிடிப்பதையும் மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை இழுப்பதையும் தவிர. சைனஸ் இல்லாதவருக்கு ஆவியால் ஆவது கொஞ்சம், தொடை வெந்ததோ நிஜம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தரையில் வைத்த வெந்நீர்ப் பாத்திரத்தை எனக்குப் பார்க்கவே பயம்.

சுக்கை நெற்றியிலிருந்து டம்ளருக்கு மாற்றச் சொன்னேன். 2014-ல் வெளியான ஈரானிய ஆய்வு ஒன்றில், மைக்ரேன் வந்த 100 பேரில் ஒரு பாதிக்கு இஞ்சித்தூளும் மறுபாதிக்கு சுமட்ரிப்டான் என்ற மைக்ரேன் மருந்தும் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு வலியைக் குறைத்தன. சிறிய ஆய்வு, ஆகவே நான் அதை மருந்துக்கு மாற்றாகச் சொல்வதில்லை. ஆனால் குமட்டலுக்கு இஞ்சி நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வலி தொடங்கும்போதே சுக்கைத் தட்டிப் போட்டு, பனங்கருப்பட்டியோடு ஒரு டம்ளர். காப்பித்தூள் சேர்க்காமல்.

தைலத்தில் இருப்பது மென்தால், கற்பூரம், தைல எண்ணெய்கள். நம் வீடுகளில் மஞ்சள் தைலம் புகுந்து நூறாண்டுக்கு மேலாகிறது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் 1914-ல் சென்னைக்கு வந்தது. 1996-ல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், 10 சதவீதப் புதினா எண்ணெய்க் கரைசலை நெற்றியிலும் அதன் இரு ஓரங்களிலும் தடவியது, இறுக்கத் தலைவலிக்கு 1,000 மி.கி. பாரசிட்டமாலுக்கு நிகராக வேலை செய்தது. இறுக்கத் தலைவலி என்பது தலையைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்குவதுபோல் இரு பக்கமும் வருவது; குமட்டல் இருக்காது. அதற்குத் தைலமும், கழுத்தையும் தோளையும் பிடித்துவிடுவதும், மணிக்கொரு தரம் மெஷினை விட்டு எழுந்து நிற்பதும் நன்றாகவே கேட்கும். மைக்ரேன்காரர்கள் சிலருக்குத் தைல வாசனையே ஆகாது. தோல் புண்ணான இடத்தில் தடவ வேண்டாம், கைக்குழந்தையின் மூக்கருகே கொண்டுபோகவே வேண்டாம். கற்பூரம் உள்ளே போனால் குழந்தைகளுக்கு வலிப்பு வரும்.

மாத்திரை அறவே கூடாது என்று நான் சொல்வதில்லை. போடுவதானால் வலி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள், முழு அளவில் போட வேண்டும். மைக்ரேன் முற்றிய பிறகு இரைப்பை மந்தமாகிவிடும், விழுங்கியது இரத்தத்தில் சேர நேரமாகும். பெரியவர்களுக்குப் பாரசிட்டமால் 500 முதல் 1,000 மி.கி.; ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் அது மருத்துவரைப் பார்க்க வேண்டிய தலைவலி. காய்ச்சலோடு வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் பக்கம் போக வேண்டாம்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

இதே வருடம், பிரசவமாகிப் பன்னிரண்டு நாளான ஒரு பெண்ணைக் காதில் பஞ்சும் தலையில் துணிக்கட்டுமாகக் கூட்டிவந்தார்கள். மூன்று நாளாகத் தலைவலி. காற்றுப் பட்டுவிட்டது என்று நினைத்திருந்தார்கள்; பச்சை உடம்புக்கு ஆகாது என்று தண்ணீரையும் குறைத்திருந்தார்கள். மூளையின் சிரைக்குழாயில் இரத்தம் உறைந்திருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதால் பிழைத்தார். கர்ப்பத்திலும் பிரசவமாகி ஆறு வாரத்துக்குள்ளும் வருகிற கடும் தலைவலிக்குக் கைமருந்து கிடையாது. இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகும் வலி, கழுத்து விறைப்போடும் காய்ச்சலோடும் வருவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் மரத்துப்போவது, பார்வை மங்குவது, வலிப்பு, அடிபட்ட பிறகு வருவது, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது: இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பின்பு

மூன்றாம் மாதம் ‘த’ 10, நான்காம் மாதம் 5. அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய அவசரத்தில் தொடர்ந்து ஒன்றரை ஷிப்ட் ஓட்டியதில் மறுபடியும் 11 ஆனது, புள்ளிகளும் எட்டு. அவர் அழுதுவிட்டார், பழையபடி ஆகிவிடுமோ என்று. எட்டு என்பது 20 இல்லை, நீங்களே எண்ணி நிறுத்தியிருக்கிறீர்கள் என்று காட்டினேன். அமிட்ரிப்டிலினை 25 மி.கி. ஆக்கினோம். காலையில் தூக்கக் கலக்கம் இருந்ததால் ஏழு மணிக்கே போட்டுக்கொண்டார். டிசம்பரில் ‘த’ 4, புள்ளி 3. ஹீமோகுளோபின் 11.8. நெற்றிக் கறுப்பு பாதி மங்கியிருந்தது. இப்படியே ஆறு மாதம் போனால் மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திப் பார்க்க உத்தேசம்.

டிசம்பரில் வந்தபோது பதிமூன்று வயது மகளையும் கூட்டிவந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நிற்கும்போது தலை வலிக்கிறதாம், இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறாள். காலையில் சாப்பிடுவதில்லை. இரவு பதினொன்றரை வரை போன். கண்ணையும் நரம்புகளையும் பரிசோதித்தேன், ஒன்றுமில்லை. அவளுக்கு மாத்திரை எதுவும் எழுதவில்லை. “இவளுக்குத் தனிக் காலண்டர் மாட்டட்டுங்களா, இல்ல அதுலயே வேற கலர்ல போடட்டுங்களா?” என்று அம்மா கேட்டார். அதிலேயே போடுங்கள், பேனா மட்டும் பச்சையாக இருக்கட்டும் என்றேன்.